தேர்க்கூட்டத்தை விடுவதுபோல் தண்ணீர் விட்டவளுக்கு

உன் கத்தரிச் செடிகளுக்கு மேல் பந்தல்போல் கட்டியிருந்த பேண்டேஜ் துணியை அவிழ்த்து வந்து இன்று காலையில் ஊறவைத்தேன். சோப்புப் போட்டு எவ்வளவோ தேய்த்தும் மண்கறை போகவில்லை. கொடியில் விரித்தபோது ஈரத் துணியிலிருந்து கண்மாய் மண்ணும் கத்தரி இலையும் கலந்த வாடை வந்தது. கொல்லை வேலையை முடித்துவிட்டு நேராக என் அடுப்படிக்குள் நுழைந்து காப்பி கேட்பாயே, அப்போது உன் கூடவே உள்ளே வருகிற வாடை. "கைய களுவிட்டு வாட்டி" என்று வாய்வரை வந்துவிட்டது.

உங்கள் வேதக்கோவில் அறுப்பின் பண்டிகை நேற்று முடிந்தது. நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு மனது ஆறாது. நீ இருந்திருந்தால் பாதியில் நிறுத்தி, அது எப்போது, அங்கே யார் நின்றார்கள் என்று வாக்குமூலம் வாங்குகிற மாதிரி துளைத்தெடுத்திருப்பாய். இந்த முறை குறுக்கே பேச முடியாது. பேசாமல் கேள்.

உன் மேடைப் பாத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். பத்தாவது முடித்து நான் பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறைக்குப் போனேன், கொஞ்ச காலத்தில் நீ போலீசுக்குப் போனாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டாகி, நம் தெருவுக்கே ஏட்டம்மா ஆனாய். ஆடிப்பூரத் தேருக்கு வருஷா வருஷம் வெயிலில் பந்தோபஸ்து நின்று உன் முட்டி இரண்டும் போயின. ரிட்டயர் ஆன கையோடு, ராஜபாளையத்து வீட்டுக் கொல்லையில் காய் போடப் போகிறேன் என்று கிளம்பினாய். குனிய முடியாது, குத்தவைக்கவும் முடியாது. அதனால் ஹாலோ பிளாக் கல்லை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, உள்ளே மண்ணை நிரப்பி, நின்றபடியே செடி வைக்கிற மாதிரி மூன்று பாத்தி கட்டினாய்.

தெருவே சிரித்தது. நம் ஊரில் பாத்தி என்றால் தரையோடு பள்ளமாக இருக்கும், சுற்றி வரப்பு இருக்கும், விட்ட தண்ணீர் அங்கேயே நிற்கும். மழை எட்டிப் பார்க்கவே யோசிக்கிற ஊரில் தண்ணீர் வடிந்து ஓடும்படி மேடை கட்டியவள் நீ ஒருத்திதான். "என்னட்டி, வரிசையா கல்லறை கட்டி வச்சிருக்க" என்று நானும் கேட்டேன். நீ கோபப்படவில்லை. "கல்லறைன்னா படுக்கதுக்கு. இது நிக்கதுக்கு" என்றாய்.

முதல் வருஷம் எங்கள் சிரிப்புத்தான் ஜெயித்தது. சேத்தூர் பக்கத்திலிருந்து டிராக்டரில் கரிசல் மண்ணாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தாய். தண்ணீர் விட்டால் அது உப்பிக் கல்லைத் தள்ளியது. காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்தது. மேற்கு வெயில் அடித்த கல்லில் கை வைக்க முடியவில்லை. வேர் வெந்துபோய்ச் செடிகள் நின்ற வாக்கிலேயே காய்ந்தன. வேறு யாராக இருந்தாலும் இடித்துப் போட்டிருப்பார்கள். நீ பழைய பிரவுன் ஷூவை மாட்டிக்கொண்டு, பாதி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணும் கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் கலந்து மறுபடியும் நிரப்பினாய். பட்டறையில் கழித்துக் கட்டுகிற பேண்டேஜ் துணியை என்னைக் கொண்டுவரச் சொன்னாய். அதை நான்கு கம்பில் கட்டி நாற்றுக்கு மேல் விரித்தாய். தெருவில் போனவர்கள் எல்லாம் கத்தரிக்கு என்ன காயம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "லத்தி அடிய்யா, வேறென்ன" என்பாய் நீ.

அந்த விதை வந்த கதையும் எனக்கு மறக்காது. ரிட்டயர் ஆகிற வருஷம் வாய்க்கால் தகராறு ஒன்றை விசாரிக்க வ. புதுப்பட்டிப் பக்கம் போனவள், முள்ளுக் கத்தரிக்காய் ஒன்றைக் கர்ச்சீப்பில் பொதிந்து கொண்டு வந்தாய். லஞ்சமா என்று கேட்டேன். "வரப்புல தூக்கிப் போட்ட அழுகல் காயி. இதெல்லாம் கேஸ்ல சேராது" என்றாய். அழுகலைப் பிசைந்து, கழுவி, சாம்பலில் புரட்டி, காயவைத்து, பேண்டேஜ் துணித் துண்டில் இரண்டு முடிச்சாகக் கட்டினாய். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. "எனக்கெதுக்குட்டி, எங்கிட்ட தொட்டிகூட இல்லயே" என்றேன். "ஸ்டேஷன்ல எந்தச் சாவியயும் ஒத்தையா வச்சிக்க மாட்டோம்" என்றாய். பாத்தி காய்க்கத் தொடங்கிய பிறகு வருஷா வருஷம் பாதி விதை என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் ஒரு தரம்கூட விதைத்ததில்லை.

கத்தரியின் பெரிய வேடிக்கை உன் வீட்டுக்காரர்தான். அண்ணனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. வாயில் வைத்த உடனே கை அரிக்க ஆரம்பித்துவிடும். பஸ் ஓட்டிய காலம் முழுக்க ஹாரனைக்கூட யோசித்து அடித்த மனிதர், கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்தால் மட்டும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். நீயும் வீட்டில் அதைச் சமைப்பதை விட்டுவிட்டாய். ஆனாலும் மூன்று பாத்தியில் ஒன்று எப்போதும் கத்தரிக்குத்தான். முதல் காய்ப்பு அறுப்பின் பண்டிகைக்குப் போகும்.

உங்கள் கோவில் ஏலத்துக்கு உன்னால்தான் நான் வர ஆரம்பித்தேன். வாழைத்தார், சேவல், பூசணி, பனங்கிழங்குக் கட்டு என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர்களில் பலர் அதை அங்கேயே திருப்பிக் கொடுப்பார்கள், அதே பொருள் மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரு பூசணிக்காய் மத்தியானம் வரை கைமாறிக்கொண்டே இருக்கும். உன் கத்தரிக்காயை எப்படியும் நான்தான் எடுப்பேன். முதல் தடவை நானும் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நீ பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாய். "ஏட்டி, பூசணி தாங்கும். கத்தரிக்கா வெயில்ல சுத்துனா வதங்கிரும். கொண்டு போயி கொளம்பு வையி, நான் வாரேன்." மறுநாள் மத்தியானம் என் வீட்டில் வந்து உட்கார்ந்து, உன் காயை, என் குழம்பில், உன் வீட்டில் கிடைக்காத நிம்மதியோடு சாப்பிட்டுவிட்டுப் போவாய்.

போன தையில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொல்லி, அண்ணன் ஆட்டோவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆனதும் மகன் அண்ணனைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீடு பூட்டிக் கிடந்தது. கோடை முழுக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் கொல்லைக் கதவு திறந்திருக்காது என்று தெரியும்.

ஆனியில் அண்ணன் திரும்பி வந்தார். அந்த ஊரில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையாம். பேசவே பேசாத மனிதர் அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லையைக் காட்டினார். பாத்திகளில் எருக்குகூட முளைக்கவில்லை. மண் இறுகி, கல்லை விட்டு விலகி, விரல் நுழைகிற இடைவெளி விட்டு நின்றது. மகன் அந்த இடத்தில் கார் ஷெட் போட வேண்டும் என்கிறானாம். அவன் கேட்பதிலும் தப்பில்லை. வருகிறபோதெல்லாம் காரை வெயிலில்தான் நிறுத்துகிறான்.

"நீங்க என்ன சொன்னீக அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் செருப்பால் கல்லைத் தட்டிக்கொண்டு நின்றார். "ஒண்ணும் வெளையாத எடத்த எதுக்குப்பா வச்சிருக்கீங்கன்னு கேக்கான். பண்டிகைக்கு அவ பேர்ல இதுலருந்து ஒரு காயாவது போச்சுன்னா நான் அவன்கிட்ட பேசிக்கிடுதேன். இல்லன்னா இடிக்கட்டும்."

பண்டிகை ஐப்பசியில். விதை என் வீட்டில் இருந்தது. வேறு எங்கே போவேன், சொல்.

முதல் நாளே மடத்தனம் பண்ணினேன். தண்ணீர் வருகிற நாள் பார்த்து, குழாயில் ஹோஸை மாட்டி, பாத்திக்குள் பிடித்தேன். செத்த நேரத்தில் கல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடியது. பரவாயில்லை, பாத்தி நிறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அண்ணனும் தலையாட்டினார். மறுநாள் தோண்டிப் பார்த்தால் ஒரு சாண் ஆழத்தில் மண் பொடியாகக் கிடக்கிறது. விட்ட தண்ணீர் முழுக்கக் கல்லோரத்து இடைவெளி வழியாக இறங்கி ஓடியிருக்கிறது. நடு மண் நனையக்கூட நனையவில்லை. ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் அப்படிக் கொட்டியதற்கு நீ விசில் ஊதியே என்னைக் கொன்றிருப்பாய்.

அங்கேயே கல்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. முன்னொரு கோடையில் பாத்தி காய்ந்தபோது, நான் குடத்தோடு கவிழ்க்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "தேர்க்கூட்டத்த ஒரே நேரத்துல உள்ள விட்டா என்ன ஆவும்? ஓரத்துல சந்து இருந்தா அதுல பிச்சிக்கிட்டுப் போயிரும், நடுவுல நிக்கவன் நசுங்குவான். மொதல்ல சந்த அடை. பொறவு கொஞ்சம் கொஞ்சமா விடு. விட்டுட்டு நில்லு. உள்ள போனவன் எடம் பிடிக்கட்டும். அதுக்குப் பொறவு அடுத்த ஆள விடு." எனக்கு அப்போது அது உன் வழக்கமான போலீஸ் பேச்சாகத்தான் தெரிந்தது. தண்ணீருக்கும் தேருக்கும் என்னட்டி சம்பந்தம் என்று கேட்டுவிட்டுக் காப்பி போடப் போய்விட்டேன்.

நீ சொன்னபடியே செய்தேன். சலித்த வண்டலைக் கல்லோர இடைவெளியில் போட்டுக் குச்சியால் இடித்து அடைத்தேன். அண்ணன் கடப்பாரையை எடுத்து, இறுகிய மண்ணில் அங்கங்கே குத்தித் துளை போட்டார். மேல் மண்ணைக் கொத்திச் சாணத்தூளைக் கலந்தோம். காலையில் ஒரு சொம்பு தெளிப்பேன், பட்டறைக்குப் போவேன். மத்தியானம் அண்ணன் தெளிப்பார். சாயங்காலம் வந்து மறுபடியும் நான். துணி அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போயிற்று. மேலே நிலக்கடலைத் தோலை மூடாக்காகப் பரப்பினோம். அடிப்பக்கம் ஓட்டை போட்ட பழைய மண்பானைகளைச் செடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதைத்து, ஓட்டையில் பேண்டேஜ் துணியைத் திரியாக மாட்டினேன். பானையில் ஊற்றுகிற தண்ணீர் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். ஒரு நாள் அண்ணன் கையை முழங்கை வரை மண்ணுக்குள் விட்டு, எடுத்து, என்னிடம் காட்டினார். விரலில் ஈர மண் ஒட்டியிருந்தது. அந்தக் கையோடேயே உள்ளே போய் உன் போட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தார்.

விதை முளைக்குமா என்ற பயம் எனக்கு இருந்தது. முளைத்தது. நாற்றை ஆடிக்காற்று சாய்த்தது, பாதி போயிற்று. மிச்சத்துக்குத் துணிப் பந்தல் கட்டினோம். தெருவில் போனவர்கள் மறுபடியும் காயம் எப்படி என்று விசாரித்தார்கள். அண்ணன் வீட்டுக்குள் போய்விடுவார். உன் லத்தி அடியைச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

புரட்டாசியில்தான் உண்மையான சோதனை வந்தது. பூ பூவாகப் பூத்தது, வெயில் தாங்காமல் பூ பூவாக உதிர்ந்தது. காலையில் வந்து பார்த்தால் கடலைத் தோலின் மேல் ஊதாப் பூக்கள் கிடக்கும். பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஷெட்டுக்கு அளவு கேட்டு போன் வந்தது. அண்ணன் ரொம்ப நேரம் வாசலில் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, மார்க்கெட்ல நாலு முள்ளுக் கத்தரி வாங்கி வச்சிருவமா? யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது, உன்னிடம் மறைப்பானேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டினார். "வேண்டாம். அவ கண்டுபிடிச்சிருவா."

மேற்குப் பக்கம் தென்னந்தட்டியை நிறுத்தி வைத்தோம். துணியை இன்னொரு மடிப்பு போட்டுக் கட்டினோம். கல்லின்மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். பிறகு உதிர்ந்தது போக மிஞ்சிய சில பூக்கள் பிஞ்சு பிடித்தன. நான் பட்டறையிலிருந்து பஸ் இறங்கினால் வீட்டுக்குப் போகமாட்டேன், நேராக உன் கொல்லைதான். அண்ணன் பிஞ்சுகளைத் தொடவே பயப்படுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

நேற்றுக் காலையில் பறித்தோம். ஒரு சின்னக் கூடையின் அடி மறைகிற அளவுதான். ஒரு காயில் வெயில் பட்ட தழும்பு. உன் காலத்தில் இதைவிடப் பெரிய காய்களை மாட்டுக்குப் போட்டிருக்கிறாய். கூடையைப் படைக்கக் கொண்டுபோனபோது அதை அண்ணன்தான் சுமந்தார், மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

ஏலம் தொடங்கியது. சேவல் போனது, வாழைத்தார் போனது. பூசணி வழக்கம்போலச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஏலம் விடுகிறவர் நம் கூடையைத் தூக்கினார். கொடுத்தவர் பெயர் தெரியாமல் கூட்டத்தைப் பார்த்தார். நான் உன் பெயரைச் சொன்னேன். என் குரல் சரியாக எழும்பவில்லை போல. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் எழுந்து நின்று மறுபடியும் சொன்னார், கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நம்ம ஏட்டம்மா கத்தரிக்கா" என்று ஏலக்காரர் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் யாரும் கையைத் தூக்கவில்லை. அது என் பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தூக்கினேன். முடிந்தது என்று நினைத்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஏற்றிக் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் எடுக்கிற காய்க்கு எவன் போட்டி என்று திரும்பிப் பார்க்காமலேயே ஏற்றிக் கேட்டேன். அங்கிருந்தும் ஏற்றினார்கள். நான் விடவில்லை. சுற்றிலும் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றது அண்ணன்.

நான் கையை இறக்கினேன்.

"திருப்பிக் குடுக்கீங்களா அண்ணாச்சி?" என்று ஏலக்காரர் கேட்டார்.

"இல்ல. வெயில்ல சுத்துனா வதங்கிரும். வீட்டுக்குக் கொண்டு போறேன்."

நீ என் முந்தானையை இழுத்துச் சொன்னதை அவர் எங்கிருந்து கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நீ வீட்டில் வந்து சொல்லியிருப்பாய். பேசாதவர்கள் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

மத்தியானம் உன் அடுப்படியில் நான் குழம்பு வைத்தேன். அந்த அடுப்பில் கத்தரிக்காய் வேகிற வாடையே புதிது. எனக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தட்டை எடுத்தேன். அண்ணன் தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தத் தழும்பு விழுந்த காய் அவர் தட்டில்தான் விழுந்தது. அதைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்தார்.

"அண்ணே, கை அரிக்குமே" என்றேன்.

"அரிச்சா அரிச்சிட்டுப் போவுது" என்றார். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையைத் தொடையில் தேய்த்தார். கண் கலங்கியிருந்தது. காரம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்து, இன்னொரு கரண்டி கேட்டார். சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டார். "காய் காய்க்குதுப்பா. ஷெட்ட முன்பக்கம் போட்டுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

இன்று காலையில் பந்தல் துணியை அவிழ்க்கப் போனபோதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். நேற்று நாங்கள் பறித்தபோது ஒரு காயை அவர் பறிக்க விடாமல் இலைக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். அது விதைக்குப் பழுக்கட்டும் என்று துணித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார், நல்ல கோணல் முடிச்சாக. எனக்குத் தெரியாமல் எப்போது கட்டினாரோ. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பாதி ஒனக்கு, தங்கச்சி. அவ அப்படித்தான குடுப்பா" என்றார்.

அதனால்தான் இந்தத் துணியைத் துவைத்தேன். காய்ந்ததும் கிழித்து வைப்பேன், விதை முடிய ஆகும். காலையும் மாலையும் உன் பாத்திக்குச் சொம்போடு போகிறேன். ஒரு சொம்பு விட்டுவிட்டு நிற்கிறேன், மண் இடம் பிடித்ததும் அடுத்ததை விடுகிறேன். நிற்கிற அந்த நேரத்தில் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் உனக்குப் பொறுமை இல்லை என்று நினைத்திருந்தேன். எத்தனை தேர்க்கூட்டத்தை அப்படி நின்று அனுப்பியிருப்பாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

நேற்றைய குழம்பு கொஞ்சம் மீந்தது. சட்டியைக் கழுவி எடுத்து வைக்கலாம் என்று இன்று துணியோடு புறப்படும்போது உன் அடுப்படிக்குள் போனேன். சட்டி காலியாக இருந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் சொறிந்துகொண்டிருந்தார்.